ஆர்டிஸ் பஸ்ஸை நிறுத்தவில்லை

போன மாதம் பெட்ரோல் பங்கில் வெளியூர்க்காரன் ஒருவன் காபியை உறிஞ்சிக்கொண்டே, "புருஷன் பள்ளத்துல கெடக்கறப்போ நிக்காம பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் போன பொம்பள இந்த ஊர்தானாமே?" என்று கேட்டான். வாயிலிருந்த டோனட்டை விழுங்கக்கூட நான் பொறுக்கவில்லை.

"ஆமா, இந்த ஊர்தான். அந்த பஸ்ல எம் பொண்ணு இருந்தா. இன்னொரு வார்த்தை பேசினே, நாளைக்கு உன் வண்டி பள்ளத்துல விழுந்தா நான் வரமாட்டேன், தெரிஞ்சுக்க" என்றேன்.

கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். ஜனவரி மாதத்தில் வட டகோட்டாவில் ஒருவனை இதைவிடப் பயங்கரமாக மிரட்ட முடியாது. அறுபது மைல் வட்டாரத்தில் இழுவை வண்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பெயர் ஓரின் ஸ்கார். ஸ்டாவிக் ஊரில் என் கொக்கியில் தொங்காத வண்டி கிடையாது. பாதிரியாரை இழுத்திருக்கிறேன், ஷெரீஃபை இழுத்திருக்கிறேன், என் மாமியாரை ஒரே வாரத்தில் இரண்டு தடவை இழுத்திருக்கிறேன். முப்பது வருஷமாக என் கொக்கி தொடாத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது ஆர்டிஸ் ஹொவ்லண்ட் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்.

ஆர்டிஸும் நானும் ஒரே வகுப்பு. பால் மாடு வைத்திருந்த வீட்டுப் பெண். வெர்லின் ஹொவ்லண்டைக் கட்டிக்கொண்ட வருஷம், பழைய டிரைவர் வாசல் ஐஸில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆள் கிடைக்கும்வரை ஒரு வாரம் ஓட்டித் தருகிறேன் என்று ஏறியவள்தான், இன்னும் இறங்கவில்லை. பிள்ளை இல்லை. "எனக்கா இல்ல? தெனம் காலைல ஏழு மணிக்கு பத்தொன்பது பேரு வாசல்ல நிக்குதுங்க" என்பாள்.

அவள் ஓட்டுவதைப் பார்த்தால் பச்சை முட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு மிதிக்கிறாளோ என்று தோன்றும். "ஆர்டிஸ், நேத்து உன்ன ஒரு கோழி முந்திச்சாமே?" என்று காபிக்கடையில் கிண்டல் செய்வோம். "அந்தக் கோழி இன்னிக்கு யாரு வீட்டுக் குழம்புல கெடக்கு, அதையும் விசாரிச்சுச் சொல்லு" என்பாள். ஐஸில் மிதித்தால் வழுக்கிவிடும், பிரேக் கோடைக்காலத்துக்கு மட்டும் செய்த சாமான் என்பது அவள் கட்சி. "என் பொழப்புல மண்ண அள்ளிப் போடறியே, ஒரே ஒரு தடவை விழுந்து காட்டேன்" என்று நான் கெஞ்சுவேன். "கெட" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

குல்லாவும் பனி பூட்ஸும் இல்லாத பிள்ளையை அவள் பஸ்ஸில் ஏற்றமாட்டாள். வெயில் அடித்தாலும் சரிதான். என் மகள் மாரிட்டுக்குப் பன்னிரண்டு வயது, ஸ்டைல் தலைக்கேறிய வயது. ஒருநாள் துணி ஷூவோடு போய் நின்றாள். ஆர்டிஸ் கதவைத் திறக்கவேயில்லை. மறுபடி உள்ளே போய் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரும்வரை மொத்த பஸ்ஸும் காத்திருந்தது. அன்று மாலை மாரிட், "அந்தம்மா ஒரு ராட்சசிப்பா" என்று அழுதாள். எனக்கும் கோபம்தான். இத்தனை கண்டிப்பு எதற்கு என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாலையோரப் பள்ளத்தில் ஒரு வண்டியைப் பார்த்தால் நிறுத்தியே ஆகவேண்டும். உள்ளே இருப்பவன் உன் நிலத்தைத் திருடினவனாக இருந்தாலும் சரி. நிறுத்தாமல் போனவன் பெயர் பனி உருகும்வரை காபிக்கடையில் நாறும். விழுந்தவனுக்கும் ஒரு விதி உண்டு. வண்டியைவிட்டு இறங்காதே, விளக்கை அணைக்காதே. அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். நடக்கத் தெரிகிற வயதிலேயே எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும்.

பஸ் நிற்காமல் போன அந்த நாள் காலை வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருந்தது. புயல் நடுராத்திரிக்குத்தான் வரும் என்று வானொலி சொன்னது. வந்தது மதியம் இரண்டு மணிக்கு. புயலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள், பஸ் ஊரைத் தாண்டி ஆறேழு மைல் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பனிப்புயலுக்கு மேலேயிருந்து பனி விழவே வேண்டாம். தரையில் கிடப்பதைக் காற்று வாரி எடுத்தால் போதும், கையை நீட்டினால் கை தெரியாது. வெள்ளைப் பனி பாம்பு பாம்பாகச் சாலையைக் குறுக்கே கடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் சாலையே நகர்வதுபோல் இருக்கும், கை தானாக ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பும். என்னிடம் வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அப்படி விழுந்தவர்கள்தான்.

நான் பட்டறையில் இருந்தேன். பஸ்ஸின் வயர்லெஸ் அலைவரிசையை எப்போதும் திறந்தேதான் வைத்திருப்பேன்.

"ஓரின், இருக்கியா?"

"இருக்கேன் ஆர்டிஸ். எங்க இருக்க?"

"நைகார்ட் பாழ்வீட்டு மரங்களைத் தாண்டியாச்சு. கேட்டுக்க, ரெண்டாந்தரம் சொல்ல நேரமில்ல. மரத்துக்கும் மதகுக்கும் நடுவுல, கிழக்குப் பள்ளம். சம்பங்கோரை நிக்கற எடம். வெர்லின் உள்ள கெடக்கான்."

"என்னது?"

"வெளக்கப் பாத்தேன். அணைஞ்சுடுச்சு. நான் நிக்க முடியாது. பின்னால மாட்டு லாரி ஒண்ணு என் சிவப்பு வெளக்கப் பாத்துக்கிட்டே ஒட்டி வருது. நின்னேன்னா பசங்க மேலதான் ஏறும்."

கடையில் சர்க்கரையும் உப்பும் கேட்பதுபோல் இருந்தது அவள் குரல். பின்னால் பிள்ளைகள் கத்திப் பாடுவது கேட்டது. ஜனவரியில் கிறிஸ்துமஸ் பாட்டு.

"மாரிட்?" என்றேன்.

"பாடறா. சுருதிதான் சேரல" என்றாள். தொடர்பு அறுந்தது.

நான் இழுவை வண்டியைக் கிளப்பினேன். ஷெரீஃப் ஆபீசிலிருந்து, "ஓரின், போகாத, பனி தள்ற வண்டியவே திரும்பக் கூப்பிட்டாச்சு" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். "உங்க வேலையப் பாருங்கடா" என்று நானும் கத்தினேன். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். நடந்து போனால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன். அப்போதுதான், முப்பது வருஷமாக நாங்கள் கிண்டல் பண்ணிய கோழி வேகம் என்ன என்று எனக்கே தெரிந்தது.

பஸ்ஸுக்குள் நடந்ததைப் பின்னால் மாரிட் சொன்னாள். அவள் டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் இருந்தாள். எதிரே இரண்டு விளக்குகள் தெரிந்தனவாம், ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். ஊரில் யாரைக் கேட்டாலும் அது வெர்லினின் பிக்கப் வண்டி என்று சொல்வார்கள். உடைந்த விளக்குக்குப் பதில் டிராக்டர் விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தான். மாற்றித் தொலை என்று இரண்டு வருஷமாக ஆர்டிஸ் திட்டிக்கொண்டிருந்தாள். புயலைப் பார்த்ததும் பெண்டாட்டிக்கு முன்னால் போய் வழிகாட்டிக் கூட்டி வரலாம் என்று வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான். பனிப்பாம்பு அவனையும் ஏமாற்றிவிட்டது. சாலையைக் குறுக்கே கடந்து, பஸ்ஸுக்கு வலக்கைப் பக்கத்துப் பள்ளத்தில், பஸ்ஸைப் பார்த்த மூஞ்சியோடு இறங்கிக் கிடந்தான்.

அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிய பொறி என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் எதிரே விளக்கு வந்தால், அதை இடக்கைப் பக்கம் விட்டு வலப்பக்கம் ஒதுங்குவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அந்த விளக்கை நம்பி ஒதுங்கியிருந்தால் பஸ் நேராகப் பள்ளத்துக்குள், பின்னாலேயே லாரி.

"மஞ்சள் வெளக்கு கொஞ்ச நேரம்தாம்பா தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டும் பட்டுன்னு போயிடுச்சு. அந்தம்மா கழுத்தெல்லாம் செவந்துடுச்சு. 'எல்லாரும் பாடுங்க, சத்தமா, கடைசி பெஞ்சு கேக்கல'ன்னாங்க. நாங்க பாடினோம். அதுக்கப்புறந்தான் மைக்க எடுத்தாங்க" என்றாள் மாரிட்.

ஆர்டிஸ் ஹாரன் அடிக்கவில்லை. அடித்தால் லாரிக்காரன் பயந்து பிரேக்கை மிதிப்பான். வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்ட மனுஷன் கிடக்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில், ஒரு கார் அகலம்கூட இல்லாத தூரத்தில், அதே முட்டை மிதியோடு அந்த பஸ் போயிருக்கிறது. நான் பெரிய பெரிய இரும்பையெல்லாம் இழுத்தவன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நான் நைகார்ட் மரங்களை அடைந்தபோது வயர்லெஸ் கரகரத்தது. "பசங்க எல்லாம் ரஸ்டாட் வீட்டுல எறங்கிட்டாங்க. தலைய எண்ணியாச்சு" என்றாள். ஹெல்மர் ரஸ்டாட் தனியாக இருக்கும், காது மந்தமான கிழவர், மதகைத் தாண்டி அவர் பண்ணைதான். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பின்னால் யாரோ ஆண்குரலில் கத்துவதும் கேட்டது.

"யாரு அது?"

"லாரிக்காரன். டெக்சாஸாம். எம் பின்னாலயே முற்றத்துக்குள்ள வந்துட்டான். இதுதான் ஹைவேயான்னு கேக்கறான், நாப்பது காளையோட. ஹெல்மருக்கு அதப் பாத்ததும் காது நல்லாக் கேக்க ஆரம்பிச்சுடுச்சு." பிறகு விஷயத்துக்கு வந்தாள். "ஓரின், நீ சாலையில நிக்காத. நைகார்ட் வாசல் பாதையில ஏத்தி நிறுத்திட்டு, கோரையப் பிடிச்சுக்கிட்டு நடந்து போ. வண்டி விழுந்த எடத்துல கோரை நசுங்கியிருக்கும். கோரை எங்க இல்லையோ, அங்க அவன் இருக்கான்."

பாழடைந்த நைகார்ட் வீட்டுப் பாதையில் வண்டியை ஏற்றினேன். முன்கொக்கியின் இரும்புக் கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். தொடையளவு பனி. காற்று மூஞ்சியில் அறைந்தது. கண் இமை ஒட்டிக்கொண்டது. எதுவும் தெரியவில்லை. ஆனால் கையை நீட்டினால் கோரை இருந்தது. பழுப்புத் தலையோடு, விறைத்து, பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைத் தொட்டேன், அடுத்ததைத் தொட்டேன். அப்படியே போனேன்.

திடீரென்று இடுப்பில் வெடுக்கென்று இழுத்தது. கயிறு முடிந்துவிட்டது. கோரை முடியவில்லை.

சொல்வதற்கு என்ன, நான் நடுங்கிவிட்டேன். அந்தக் காற்றில் கயிற்றை விட்டவனை, பனி உருகும் ஏப்ரலில்தான் எடுப்பார்கள். தன் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே வழி தெரியாமல் செத்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. திரும்பிப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன். அப்புறம் 'சுருதிதான் சேரல' என்ற குரல் ஞாபகம் வந்தது. என் பிள்ளையை அவள் கரை சேர்த்துவிட்டாள், அவள் ஆளை நான் இங்கே விட்டுவிட்டுப் போவதா? கயிற்றைக் கழற்றிக் கோரையில் சுற்றிவிட்டு, வெறும் கோரையை நம்பி நடந்தேன்.

கோரை, கோரை, இன்னும் கோரை. பிறகு நீட்டின கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு அடி வைத்தேன். அங்கும் இல்லை. மூன்றாவது அடியில் முழங்கால் இரும்பில் மோதியது. பிக்கப்பின் மூக்கு. பனி அதை முழுசாக மூடிக் குன்றாக்கியிருந்தது. அவள் சொல்லியிருக்காவிட்டால் மேலேயே ஏறி நடந்து போயிருப்பேன். இரண்டு கையாலும் தோண்டி ஜன்னலை அடித்தேன்.

உள்ளே ஒரு காபி டப்பாவில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வெர்லின் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலை இறக்கினான். உதடு நீலமாக இருந்தது.

"பஸ் போச்சா?" என்றான்.

"போச்சு. எல்லாரும் ரஸ்டாட் வீட்டுல."

"நிக்கலயே?"

"நிக்கல."

"அப்பாடா!" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். நெற்றி பட்டு ஹாரன் அடித்தது. நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான், இருவருக்கும் கண்ணில் தண்ணீர், அதுவும் அங்கேயே உறைந்துபோயிற்று.

"வெளக்கு எப்படிடா போச்சு? பேட்டரியா?"

"நாந்தான் அணைச்சேன்." ஏதோ தப்புச் செய்தவன்போல் சொன்னான். "அவ வெளிச்சம் மேல வர்றது தெரிஞ்சுது. எதிர்ல வர்ற வண்டின்னு நெனச்சு ஒதுங்கினா தலைகுப்புற எம் மடியிலதான். லாரியும் போகட்டும்னு பொறுத்து, அப்புறம் போட்டேன். அதுக்குள்ள பனி மூடிடுச்சு."

விளக்கை அணைக்காதே என்று அவனுக்கும்தான் மூன்று வயதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த விளக்கு ஒன்றுதான் அவனுக்கு உயிர் பிழைக்க வழி. தானே தன் கையால் அணைத்திருக்கிறான்.

கோரையைப் பிடித்துக்கொண்டே திரும்பினோம். அவனுக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது, முக்கால்வாசி தூரம் என் முதுகில்தான் வந்தான். கோரையில் சுற்றிய கயிறு கையில் பட்டதும் நான் போட்ட கூச்சல் டெக்சாஸுக்கே கேட்டிருக்கும். வண்டிக்குள் ஹீட்டரை வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"ஆர்டிஸ், கெடச்சுட்டான். உசிரோட இருக்கான்."

கருவி செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"குல்லா போட்டிருக்கானா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கான்."

"சரி."

அவ்வளவுதான். வெர்லின் பக்கத்திலிருந்து, "திட்டுவாளோன்னு பயந்தே போட்டுக்கிட்டுக் கெளம்பினேன்" என்றான்.

ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தோம். காலையில் காற்று நின்றது. வானம் மறுபடி ஒன்றுமறியாத பிள்ளைபோல் நீலமாக இருந்தது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ரஸ்டாட் பண்ணைக்குப் போனோம். முற்றத்தில் நாற்பது காளைகள் ஹெல்மரின் வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. டெக்சாஸ்காரன் என் மாரிட்டின் குல்லாவைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான். மாரிட் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காலில் பூட்ஸ் இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆர்டிஸ் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். நொண்டிக்கொண்டு வந்த புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்ன யாரு வரச்சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றான் வெர்லின்.

"முப்பது வருஷமா எனக்கு வழி தெரியாதா? நீ வந்து காட்டணுமா?"

"தெரியாம வந்துட்டேன்."

"அந்த மஞ்ச வெளக்க மாத்துன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"மாத்தியிருந்தா நாந்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

ஆர்டிஸ் பஸ்ஸின் படியில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். கோப்பை கடகடவென்று ஆடியது, காபி முழங்கை வரை வழிந்தது. முந்தின நாள் புயலில் ஸ்டியரிங்கை அரை அங்குலம்கூட அசைக்காத கை.

எனக்குள் ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன். "ஆர்டிஸ், வெளக்கு அணைஞ்சுதே, இவன் செத்துட்டான்னு உனக்குத் தோணலையா?"

"செத்தவன் வெளக்க அணைப்பானா ஓரின்?" என்றாள். "பேட்டரி போனா மெல்ல மங்கும். பனி மூடினா ஒண்ணொண்ணா மறையும். இது ரெண்டும் சேந்து ஒரே நேரத்துல அணைஞ்சுது. எங்க வீட்டுல தெனம் ராத்திரி கடைசியா வெளக்க அணைக்கறது இவன்தான். அந்தக் கைய எனக்குத் தெரியாதா?" மூக்கை உறிஞ்சினாள். "உசிரோடதான் இருக்கான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. போன்னு சொன்னான். போனேன்."

வெர்லின் நொண்டி நொண்டி வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். ஆடிக்கொண்டிருந்த கோப்பையை வாங்கி அவள் வாயருகே பிடித்தான். அவள் குடித்தாள்.